சிறு தொழிலுக்குச் செலவு குறைந்த ரிவியூ தளம் எது?

இப்போதுதான் தொழில் தொடங்கியிருப்பீர்கள், மாதச் சந்தா கேட்கும் ரிவியூ கருவிகளின் விளம்பரம் விடாமல் துரத்தும் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். சந்தா கட்டுவதற்கு முன் கூகுள் பிசினஸ் புரொஃபைல் (கூகுள் தேடலிலும் மேப்பிலும் உங்கள் தொழிலைக் காட்டும் பக்கம்) தொடங்குங்கள். காசு கிடையாது. ரிவியூ கேட்பதற்கான இணைப்பும் கியூஆர் கோடும் அதிலேயே கிடைக்கும். வாடிக்கையாளரை நேரில் பார்க்காமல் இணையத்தில் மட்டும் விற்பவர்களுக்கு அது பொருந்தாது; அவர்கள் டிரஸ்ட்பைலட் என்ற ரிவியூ தளத்தின் இலவசத் திட்டத்தைப் பார்க்கலாம்.

நான் பழுதுபார்க்கும் வேலை செய்பவன். ரிவியூ கருவி விற்க வந்த ஒருவர், அவர்களுடைய விட்ஜெட்டை (ரிவியூக்களைக் காட்டும் சிறு பெட்டி) எங்கள் வெப்சைட்டில் போட்டால் கூகுள் தேடலில் எங்கள் பெயருக்குக் கீழே நட்சத்திரம் மின்னும் என்றார். கூகுள் அதை 2019 செப்டம்பரிலேயே நிறுத்திவிட்டது. ஒரு நிறுவனம் தன்னைப் பற்றிய ரிவியூவைத் தன் தளத்திலேயே போட்டுக்கொண்டால், அது வெளியார் விட்ஜெட் வழியாக வந்தாலும் நட்சத்திரம் காட்டாது. இதைச் சொன்னதும் பேச்சை மாற்றினார். வாடிக்கையாளரிடம் முதலில் "திருப்தியா?" என்று கேட்பார்களாம். ஆமாம் என்பவர் மட்டும் கூகுளுக்குப் போவார். மற்றவர் புகார் எங்கள் மெயிலோடு முடிந்துவிடுமாம். கூகுள் விதியில் அதற்கு இடமில்லை. மாட்டினால் கெடுவது என் பெயர், அவர் பெயர் இல்லை. சரி, சந்தாவை நிறுத்தினால் அதுவரை சேர்ந்த ரிவியூ என்ன ஆகும் என்று கேட்டேன். நேரான பதில் வரவில்லை. விலையை மாதக் கணக்கில் சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தில் வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்டார். அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

கட்டணக் கருவி எல்லாமே ஏமாற்றா என்று சண்டைக்கு வராதீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. பல கிளை வைத்திருப்பவர் எல்லா ரிவியூவையும் ஒரே திரையில் பார்த்துப் பதில் எழுத அது உதவும். என்னைப் போன்ற தனியாளுக்கு, வேலை முடிந்த கையோடு இணைப்பை அனுப்பிக் கேட்பதே போதும். யெல்ப் என்ற ரிவியூ தளத்தில் மட்டும் கேட்கவே கூடாது என்கிறார்கள். ரிவியூவுக்குத் தள்ளுபடி கொடுப்பதும் வேண்டாம்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் மனசு ஆறவில்லை. எங்கள் வெப்சைட்டைச் செய்து கொடுத்தவர் கூகுள் பக்கத்தைத் தன் ஜிமெயிலில் தொடங்கிவிட்டு, அப்புறம் போனையே எடுக்கவில்லை. வந்த ரிவியூவுக்கு ஒரு நன்றிகூட எழுத முடியாமல், உரிமை கேட்டு கூகுளுக்கு விண்ணப்பித்துத்தான் மீட்டோம். "உங்க வேலையைக் குறைக்கத்தான் சார் அப்படிச் செஞ்சேன்" என்கிறார். டொமைன், அதாவது எங்கள் வெப்சைட்டின் முகவரி, இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது.