அந்த 437 ரூபாய்

கேள்வி: கொடைக்கானல் மலையிலுள்ள பூம்பாறையில் பூண்டு விவசாயம் செய்யும் குடும்பம் எங்களுடையது. பள்ளி விடுமுறையில் வேன் பிடித்துத் திருச்செந்தூர் போனோம். தரிசனம் முடிந்து போட்டோ எடுப்பதற்காக, என் அம்மாவின் மூன்று பவுன் சங்கிலியை என் 9 வயது மகளுக்குப் போட்டுவிட்டேன். கொக்கி கொஞ்சம் தளர்ந்திருந்தது. முதன்முதலாகக் கடலைப் பார்த்தவள், சங்கிலியோடு இறங்கித் தொலைத்துவிட்டாள். இருட்டும் வரை மணலை அள்ளி அள்ளித் தேடினாள், கிடைக்கவில்லை. வேனில் ஊர் வந்து சேரும் வரை எல்லோரும் அவளைத் திட்டினோம். 40 வருடங்களுக்கு முன் பூண்டு விற்ற காசில் அம்மா செய்த சங்கிலி அது. போன வருடம்தான் என்னிடம் கொடுத்தார். இப்போது மன்னவனூரில் தம்பி வீட்டில் இருக்கிறார். தைத் தேருக்கு எங்கள் வீட்டுக்கு வருவார். அதற்குள் அதே மாதிரி ஒன்று செய்யச் சொல்லி வத்தலக்குண்டில் 20,000 ரூபாய் முன்பணம் கொடுத்திருக்கிறேன். மகளும் உண்டியலை உடைத்து 437 ரூபாய் கொடுத்தாள். அதையும் சேர்த்தே கொடுத்தேன். அம்மாவிடம் உண்மையைச் சொல்வதா, புதுச் சங்கிலியைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவதா? மனதுக்கு நிம்மதியே இல்லை.
– ஒரு வாசகி, பூம்பாறை

பதில்:

சகோதரி, நகையைத் தொலைத்துவிட்டு எழுதும் கடிதங்கள் எனக்குப் புதிதல்ல. குற்றால அருவியில் மோதிரம், ராமேஸ்வரம் அக்னி தீர்த்தத்தில் தாலிக்கொடி, வேளாங்கண்ணிக் கடலில் கொலுசு என்று வருடம் முழுக்க வருகின்றன. போனது போகட்டும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். எழுதப்போவதில்லை. உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைத் தாண்டி என்னால் வர முடியவில்லை.

437 ரூபாய். நானூறு சொச்சம் என்று நீங்கள் எழுதவில்லை. ஆக, எண்ணியிருக்கிறீர்கள். ஒரு குழந்தை தன் உண்டியலை உடைத்து, காசையெல்லாம் பொறுக்கிக் கொண்டுவந்து உங்கள் முன்னால் கொட்டியிருக்கிறது. நீங்கள் உட்கார்ந்து ஒரு ரூபாய் தனியாக, ஐந்து ரூபாய் தனியாக அடுக்கி எண்ணியிருக்கிறீர்கள். எண்ணி முடிக்கும் வரை அவள் காசையா பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்? உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள். பிறகு நீங்கள் அதை வாங்கிக்கொண்டீர்கள்.

எதற்காக வாங்கினீர்கள்? மூன்று பவுன் என்றால் 24 கிராம். தங்கத்தின் விலை, செய்கூலி, சேதாரம், அதற்கு மேல் 3 சதவீதம் ஜிஎஸ்டி. இதில் 437 ரூபாய் எந்த மூலைக்குக் காணும்? பணத்துக்காக நீங்கள் வாங்கவில்லை. அவளும் கொஞ்சம் கட்டட்டும் என்றுதான் வாங்கியிருக்கிறீர்கள். தொலைத்தது அவள்தான் என்று அந்தக் குழந்தைக்கு ரசீது எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

'தொலைத்துவிட்டாள்' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! சங்கிலியைப் போட்டுவிட்டது யார்? கொக்கி தளர்ந்தது தெரிந்திருந்தது யாருக்கு? எஸ் கொக்கி தளர்ந்தால், பத்தரிடம் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் நெருக்கித் தருவார். அதற்கும் நேரமில்லாவிட்டால் நூலைச் சுற்றி வைப்பார்கள்; எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கும் தெரிந்த விஷயம் இது. போட்டோ எடுத்து முடித்ததும் கழற்றி வாங்கியிருக்க வேண்டியவர் நீங்கள். மலையைத் தவிர எதையும் பார்க்காத பிள்ளை, அத்தனை பெரிய தண்ணீரைக் கண்டதும் கழுத்தில் கிடப்பதையா நினைத்துக்கொண்டிருக்கும்?

அவள் தேடியது கிடைக்காததற்கும் காரணம் இருக்கிறது. 22 காரட் தங்கம் தண்ணீரைப் போல் 17 மடங்குக்கும் மேல் கனமானது. மணல் இரண்டரை மடங்கு சொச்சம்தான். அலை மணலைக் கலக்கும்போதெல்லாம் சங்கிலி அடியில் இறங்கிக்கொண்டே போகும். பிஞ்சுக் கையால் மேல்மணலை அள்ளி அதை எடுக்கவே முடியாது. இருட்டும் வரை அள்ளியிருக்கிறாள். அப்போதாவது வேனில் இருந்த பெரியவர்களில் ஒருவர், "போதும் எழுந்து வா கண்ணு" என்று சொன்னீர்களா? கடிதத்தில் அப்படி எதுவும் இல்லை. உங்கள் கணவரைப் பற்றியும் கடிதத்தில் ஒரு வார்த்தை இல்லை. திட்டிய 'எல்லோரும்' என்பதில் அவரும் ஒருவர் என்றுதான் எடுத்துக்கொள்கிறேன்.

வீட்டுக்கு ஒரு நஷ்டம் வந்தால் அதைத் தாங்குவது பெரியவர்களின் கடமை. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. வடுகபட்டிச் சந்தையில் பூண்டு விலை விழுந்த வருடங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மூட்டையை இறக்கிவிட்டு வெறுங்கையோடு மலையேறி வந்த நாட்களில், உன் பங்குக்கு நீயும் கொடு என்று உங்கள் அம்மா உங்கள் உண்டியலைக் கேட்டாரா? அப்படிப்பட்ட வருடங்களைக் கடந்து சேர்த்த காசில்தான் அந்தச் சங்கிலியைச் செய்துகொண்டார். அதன் பெயரால் அவருடைய பேத்தியிடம் வசூல் செய்திருக்கிறீர்கள்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சின்னது: சொல்லிவிடுங்கள். புதுச் சங்கிலி அவரை ஏமாற்றும் என்று நினைக்கிறீர்களா? அவர் நகை செய்த காலத்தில் ஹால்மார்க் கிடையாது; தங்கத்துக்கு அது வந்ததே 2000-ல்தான். இப்போது கடையில் வாங்கும் நகையில் ஆறு எழுத்து அடையாள எண்ணும் பொறித்திருக்கும். 2023 ஏப்ரலிலிருந்து அது கட்டாயம். சரி, வயதான கண்ணுக்கு அந்த எழுத்து தெரியாது என்றே வைத்துக்கொள்வோம். 40 வருடம் கழுத்தில் கிடந்து தேய்ந்த கண்ணிகள், விரல் பட்டதுமே வேறு என்று சொல்லிவிடும்.

அப்படியே அவர் ஏமாந்தாலும், பொய்யைக் காப்பாற்றப்போவது யார்? தேர் பார்க்க வந்த பாட்டி ராத்திரி பேத்தியைப் பக்கத்தில் படுக்கவைத்து, "கடல் எப்படி இருந்தது?" என்று கேட்பார். கேட்காமல் இருக்கமாட்டார். அந்தப் பிள்ளை என்ன சொல்ல வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

தை வரை காத்திருக்க வேண்டாம். மன்னவனூர் உங்களுக்குத் தூரமில்லை. இந்த வாரமே பஸ் ஏறுங்கள். மகளைக் கூட்டிப் போகாதீர்கள். "கொக்கி தளர்ந்தது தெரிந்தும் நான்தான் போட்டு அனுப்பினேன்" என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அழுவார். திட்டினாலும் திட்டுவார். வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாகச் செய்வதா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். அது அவர் உழைப்பு. அதுவரை கடையில் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

திருச்செந்தூர் கோயில் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தீர்களா என்று எழுதவில்லை. கொடுத்திருக்காவிட்டால் போய்க் கொடுங்கள். பக்தர்கள் தவறவிடும் நகைகளைத் தேடி எடுத்துத் தருகிறவர்கள் அந்தக் கரையில் இருக்கிறார்கள். கடல் பாதுகாப்புப் பணியாளர்கள் உண்டு, சிப்பி அரிப்பவர்கள் உண்டு. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அங்கே கடல் உள்வாங்கும். அந்த நாட்களில் மணலைச் சலித்துப் பார்க்கத் தோதுப்படும். எந்த இடத்தில், எத்தனை மணிக்கு இறங்கினாள், சங்கிலி என்ன வேலைப்பாடு என்று எழுதி, போன் நம்பரோடு கொடுத்துவிட்டு வாருங்கள். கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று பாக்கியிருக்கிறது. கடைக்குக் கொடுத்ததைத் திரும்ப வாங்கும் வரை தள்ளிப்போடாமல், உங்கள் கையிலிருந்து எடுத்து இன்றைக்கே அதைச் செய்யுங்கள். வேனில் இருந்த அத்தனை பேரையும் வீட்டுக்கு வரச்சொல்லுங்கள். உங்கள் கணவரும் பக்கத்தில் உட்காரட்டும். புது மண் உண்டியல் ஒன்று வாங்கி வைத்து, "தப்பு என்னுடையது, உன்னுடையது இல்லை" என்று அவளிடம் சொல்லுங்கள். நோட்டாக நீட்ட வேண்டாம். அன்றைக்கு எண்ணினீர்களே, அதே போலச் சில்லறையாக மாற்றி வந்து, 437 ரூபாயையும் அவள் கையிலேயே எண்ணிக் கொடுங்கள். அவளே போட்டுக்கொள்ளட்டும்.