ஹானிபல் தொடரில் என் அக்கா ஏன் பாதியில் எழுந்து போனாள், நான் ஏன் போகவில்லை

"ஹானிபல் தொடரை ஒரு கூட்டம் தலையில் வைத்துக் கொண்டாடுகிறது, இன்னொரு கூட்டம் அருவருப்பு என்று ஒதுக்குகிறது. இவ்வளவு கொடூரத்தை இவ்வளவு அழகாகக் காட்டுவது சரிதானா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த அமெரிக்கத் திகில் தொடரின் 39 எபிசோடுகளையும் இரண்டு முறை பார்த்தவன் நான். ஆனாலும் எழுந்து போனவர்களை என்னால் குறை சொல்ல முடியாது. அவர்களில் ஒருத்தி என் அக்கா.

2020 ஊரடங்கில் அக்கா எங்களோடு இருந்தாள். ராத்திரி பாத்திரமெல்லாம் கழுவி வைத்துவிட்டு, ஸ்டூல் மேல் லேப்டாப்பை வைத்து இரண்டு பேரும் உட்காருவோம். முதல் எபிசோடைத் தாண்டிவிட்டாள். இரண்டாவதில் காட்டுக்குள் ஒரு காளான் பாத்தி வரும். ஈர மண், உதிர்ந்த இலைகள், நடுவில் கொத்துக் கொத்தாக வெளிறிய காளான்கள். அக்கா வீட்டு மாடியில் வைக்கோல் பையில் சிப்பிக்காளான் வளர்ப்பவள். "எவ்ளோ அழகா இருக்கு பாரேன்" என்று முன்னால் குனிந்தாள். அப்புறம்தான் தெரிந்தது, அவை முளைத்திருந்தது மனித உடல்களின் மேல். மருந்துக்கடைக்காரன் ஒருவன் சர்க்கரை நோயாளிகளைக் கோமாவில் தள்ளி, மண்ணில் புதைத்து, குழாய் வழியாகச் சர்க்கரைத் தண்ணீர் ஏற்றிக் காளானுக்கு உரமாக்கியிருக்கிறான். அதில் ஒருவருக்கு இன்னும் உயிர் இருக்கிறது. சட்டென்று கையை நீட்டி, தொடரின் நாயகன் வில் கிரஹாமைப் பிடிக்கிறார்.

அக்கா எழுந்துவிட்டாள். ரத்தம், பிணம் எல்லாம் அவளுக்குப் பெரிய விஷயமில்லை, எத்தனையோ பேய்ப்படம் பார்த்தவள். "முதல்ல அழகா இருக்குன்னு என் வாயால சொல்ல வெச்சுட்டான்ல" என்றாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

உங்கள் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை. வெறுத்தவர்களும் சரி, மூழ்கிப்போனவர்களும் சரி, முதலில் அனுபவித்தது ஒன்றைத்தான். கண் ஆசைப்பட்டுவிடுகிறது, மனசு பின்னால் ஓடி வருகிறது. அந்த இடைவெளியில் நிற்க முடிந்தவர்கள் பார்க்கிறார்கள். முடியாதவர்கள் வெளியேறுகிறார்கள்.

தொடரைத் தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: தாமஸ் ஹாரிஸ் 1981இல் எழுதிய 'ரெட் டிராகன்' நாவலின் பாத்திரங்களை வைத்து பிரையன் ஃபுல்லர் உருவாக்கியது. அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில் 2013 முதல் 2015 வரை மூன்று சீசன்கள் வந்தன. மனநல மருத்துவர் ஹானிபல் லெக்டராக மேட்ஸ் மிக்கெல்சன். கொலைகாரர்களின் மனதுக்குள் புகுந்து பார்க்கும் வில் கிரஹாமாக ஹியூ டான்ஸி. ஹானிபல் மனித மாமிசம் சமைப்பவன் என்பது நமக்கு முன்பே தெரியும், அவன் விருந்தாளிகளுக்குத் தெரியாது.

சாப்பாட்டுக் காட்சிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். முதல் சீசனில் எபிசோடு தலைப்புகளே பிரெஞ்சு விருந்தின் பெயர்கள், இரண்டாவதில் ஜப்பானிய விருந்தின் பெயர்கள். படப்பிடிப்பு கனடாவின் டொராண்டோவில் நடந்தது. உணவுகளை வடிவமைத்தவர் ஜேனிஸ் பூன் என்ற பெண்மணி. புகழ்பெற்ற சமையல் கலைஞர் ஹோசே ஆண்ட்ரேஸும் ஆலோசனை சொல்லியிருக்கிறார். பின்னணியில் செவ்வியல் இசையமைப்பாளர் பாக்கின் பியானோ இசை. கறுப்புப் பின்புலத்தில் ஒரு தட்டு, அதில் மெல்லிசாக வெட்டிய இறைச்சி, பக்கத்தில் ஒரு பழம், அதன் மேல் நூலாக வழியும் சாறு. சாப்பிட்டுவிட்டுத்தான் உட்கார்ந்திருந்தேன், ஆனாலும் எனக்கு நாக்கில் எச்சில் ஊறியது. யாருடைய உடம்பு அது என்று தெரிந்தே ஊறியது. அந்த நொடியில் எனக்கு வந்த பயம் திரையில் இருந்தவனைப் பார்த்து வந்ததில்லை. வேறெந்தத் திகில் கதையும் என் நாக்கை வைத்தே என்னைப் பயமுறுத்தியதில்லை.

எதிர்ப்பு அமெரிக்காவில் முதல் மாதமே கிளம்பிவிட்டது. சால்ட் லேக் சிட்டியில் என்பிசி நிகழ்ச்சிகளைக் காட்டிவந்த உள்ளூர் நிலையம், நேயர்களின் ஆட்சேபத்துக்குப் பிறகு தொடரை நிறுத்திவிட்டது. நான்காவது எபிசோடில் குழந்தைகளை வைத்தே அவர்கள் குடும்பங்களைக் கொல்லவைக்கும் கதை வரும். நியூடவுன் பள்ளித் துப்பாக்கிச்சூடு நடந்து சில மாதங்களே ஆன நேரம். ஃபுல்லரே கேட்டுக்கொண்டு அதை அமெரிக்காவில் ஒளிபரப்பாமல் நிறுத்தினார். இதில் அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. பாலியல் வன்முறையைக் காட்சியாக்கப் போவதில்லை என்பதையும் வெளிப்படையாகச் சொன்னவர் அவர். எதையும் காட்டலாம் என்ற திமிர் இந்தத் தொடரில் இல்லை.

ரசிகர்களும் எல்லாவற்றையும் கண்ணை மூடி ஏற்கவில்லை. இரண்டாம் சீசனில் வில்லோடு வேலை செய்யும் தடயவியல் நிபுணர் பெவர்லி கட்ஸ் கொல்லப்பட்டு, உடல் நெடுக்குவாட்டில் சீவப்பட்டு, கண்ணாடிப் பலகைகளுக்கு இடையே நிற்கவைக்கப்படுவாள். தொடரில் இருந்த முக்கியமான ஆசியப் பெண் பாத்திரத்தை இப்படியா முடிப்பது என்று பலர் கொதித்தார்கள். நடித்த ஹெட்டியன் பார்க்கே படைப்பாளிகளுக்கு ஆதரவாக எழுத வேண்டியிருந்தது. எனக்கு இன்றுவரை அந்தக் காட்சியில் சமாதானம் ஆகவில்லை. அவள் துடிப்பான பெண், வில் கிரஹாமை நம்பியவள். அவளை ஒரு காட்சிப்பொருளாக்கியபோது அழகு கொஞ்சம் எல்லை மீறியது என்றே படுகிறது. மூன்றாம் சீசனின் இத்தாலிப் பகுதியிலும் அழகு கதையை விழுங்கிவிட்டது என்பவர்களோடு பாதிக்குப் பாதி ஒத்துப்போகிறேன்.

இன்னொரு பக்கம், 'ஃபேனிபல்' என்று தங்களை அழைத்துக்கொண்ட ரசிகர்கள். அதில் பெண்கள் ஏராளம். கொலைகாரனின் படத்துக்குப் பூக்கிரீடம் வரைந்து வைத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் விபரீதமாகத் தெரியும். ஆனால் அவர்கள் எழுதியதையும் வரைந்ததையும் மணிக்கணக்கில் படித்திருக்கிறேன். பெரும்பாலும் பேசுவது தனிமையைப் பற்றி. தன்னை முழுசாகப் புரிந்துகொண்ட ஒரே ஆள் தன்னை அழிக்கப்போகிறவன் என்றால் என்ன செய்வது என்ற வில்லின் தவிப்பைப் பற்றி. முதல் எபிசோடைப் பார்த்தது சுமார் 43 லட்சம் பேர், கடைசியில் அதில் பாதிகூட இல்லை. 2015 ஜூனில் ரத்து அறிவிப்பு வந்தது. ஆனாலும் இவர்கள் போகவில்லை, இன்னும் நான்காம் சீசன் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, நீங்கள் பார்க்கலாமா? இரண்டாவது எபிசோடு வரை பாருங்கள். காளான் காட்சி பிடிக்காமல் போனால் அங்கேயே நிறுத்திவிடுங்கள், மேலே போகப் போக அதைவிடக் கடுமையாகத்தான் வரும். முடிந்தால் ஹெட்போனில் கேளுங்கள். பிரையன் ரைட்ஸெலின் இசை லேப்டாப் ஸ்பீக்கரில் வெறும் இரைச்சலாகிவிடும்.

அக்கா மறுபடி உட்காரவே இல்லை. ஆனால் தினமும் காலையில் காபி ஆற்றிக்கொண்டே கேட்பாள், "அந்தப் பையன் வில், நேத்து என்ன ஆனான்?" நானும் தட்டுகளை மட்டும் விட்டுவிட்டு மீதியைச் சொல்வேன்.