குறைந்த பட்ஜெட்டில் ஆடாத ட்ரைபாடும் ஹெட்டும்: எதைப் பார்த்து வாங்குவது?

என்னிடம் வந்த கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கையில் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார் உள்ள டிஎஸ்எல்ஆர், கூடவே வந்த கிட் லென்ஸ், ஒரு 70-300 மி.மீ. லென்ஸ். எடுக்க நினைப்பது இயற்கைக் காட்சி, இரவுப் படம், அவ்வப்போது பூ, பூச்சி. பணம் அதிகம் இல்லை. ஆடாமல் நிற்கும் ட்ரைபாட் வேண்டும். ஹெட்டோடு (கேமராவைப் பிடித்துத் திருப்பும் மேற்பகுதி) சேர்ந்த செட்டாக வாங்குவதா, இரண்டையும் தனித்தனியாக வாங்குவதா?

என் பதில்: தடித்த காலுள்ள அலுமினிய ட்ரைபாட், மூன்று செக்ஷன் (ஒன்றுக்குள் ஒன்று நுழையும் மூன்று குழாய்களாலான கால்), முடிந்தால் ஒருவர் பயன்படுத்திய பழையது. அதன் மேல் ஆர்க்கா வகை பிளேட் (கேமராவின் அடியில் திருகி ஹெட்டில் மாட்டும் தகடு) போடும் பால் ஹெட் ஒன்று, அதாவது பந்து மேல் எந்தப் பக்கமும் திரும்பும் ஹெட், தனியாக. கனமாக இருக்கும், சுமந்துதான் ஆக வேண்டும். காசு குறைவாக இருக்கும்போது விட்டுக்கொடுக்க வேண்டியது எடை விஷயத்தில்தான். உறுதியில் விட்டுக்கொடுத்தால் ட்ரைபாட் வாங்கியதற்கே அர்த்தமில்லை.

இது எனக்குச் சுற்றிவளைத்துத்தான் புரிந்தது. நான் முதலில் வாங்கியது, கால்களுக்கு நடுவே குறுக்குச் சட்டம் வைத்து, பக்கத்தில் கைப்பிடியைச் சுழற்றினால் நடுத்தண்டு மேலே ஏறும் வகை. கண் உயரத்துக்கு நின்றது. தூக்கினால் கனமே தெரியவில்லை. தோளில் மாட்ட உறை வேறு கொடுத்தார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று இருந்தேன். ஒரு மாலை, வெளிச்சம் மங்கியபின் தொலைவில் ஒரு மலை முகட்டை 300 மி.மீ. வைத்து எடுத்தேன். 1/8 நொடியில் எடுத்த படங்களில் முகட்டு மரங்களுக்கெல்லாம் இரட்டைக் கோடு. நன்றாக இருட்டிய பிறகு அதே இடத்தில் 5 நொடி வைத்து எடுத்தவை அவற்றைவிடத் தெளிவாக வந்தன. நியாயப்படி தலைகீழாக அல்லவா இருக்க வேண்டும்! லென்ஸில்தான் கோளாறு என்று முடிவு கட்டி ஆறு மாதம் அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். விற்பதற்கு விளம்பரம்கூட எழுதி வைத்துவிட்டேன்.

உண்மையில் நடந்தது வேறு. டிஎஸ்எல்ஆரில் படம் எடுக்கும் கணத்தில் உள்ளே கண்ணாடி ஒரு அடி அடித்து மேலே எழும். அந்த அடியில் கேமரா அதிரும். பலமான ஆட்டம் முதல் அரை நொடிக்குள் முடிந்துவிடும். 5 நொடிப் படத்தில் அந்த அரை நொடி பத்தில் ஒரு பங்குதான், மீதி நேரம் கேமரா ஏறக்குறைய அசையாமல் இருப்பதால் ஆட்டம் படத்தில் அவ்வளவாகத் தெரியாது. 1/8 நொடிப் படத்திலோ முழு நேரமும் ஆட்டம்தான். ஏறக்குறைய 1/2 நொடியிலிருந்து 1/30 நொடி வரை உள்ள வேகங்களில்தான் ட்ரைபாடின் குணம் அம்பலமாகும். ஒரு நாள் லைவ் வியூவை, அதாவது கேமராவின் பின் திரையில் தெரியும் நேரடிக் காட்சியை, முழுதாகப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு ட்ரைபாட் காலை விரலால் லேசாகத் தட்டினேன். திரையில் மலை மூன்று நான்கு நொடி நடனமாடியது. லென்ஸிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்.

இவ்வளவு சின்ன அதிர்வு படத்தைக் கெடுக்குமா என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் ஒரு பிக்சல் சுமார் 3.9 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மி.மீ.-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு). 300 மி.மீ. லென்ஸில் படம் ஒரு பிக்சல் நகர வேண்டுமானால், 10 செ.மீ. நீளமுள்ள கேமராவின் ஒரு முனை மற்ற முனையைவிட 1.3 மைக்ரான் உயர்ந்தால் போதும். தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்கு! கண்ணுக்கு ஆடாமல் நிற்பதாகத் தெரியும் ட்ரைபாட் நிஜமாகவே ஆடாமல் நிற்கிறது என்று நம்ப முடியாததற்கு இதுதான் காரணம். கிட் லென்ஸை 18 மி.மீ.-இல் வைத்து எடுத்தால் இதே ஆட்டம் பதினாறில் ஒரு பங்காகத்தான் தெரியும். ஆகவே ட்ரைபாடை உங்கள் கேமராவின் எடைக்குப் பார்த்து வாங்காதீர்கள்; உங்களிடம் இருக்கும் மிக நீளமான லென்ஸுக்குப் பார்த்து வாங்குங்கள்.

பெட்டியில் "8 கிலோ தாங்கும்", "12 கிலோ தாங்கும்" என்று போட்டிருப்பார்கள். அதை நான் பார்ப்பதே இல்லை. எல்லா நிறுவனங்களும் ஒரே முறையில் அளந்து போடும் எண் அல்ல அது. ஒடியாமல் தாங்குவது வேறு, அதிராமல் நிற்பது வேறு. கயிற்றுக் கட்டிலும் நூறு கிலோ தாங்கும், அதன் மேல் கேமராவை வைப்பீர்களா?

பார்க்க வேண்டியது காலின் விட்டம். ஒரே பொருள், ஒரே சுவர்த் தடிமன் உள்ள குழாய் என்றால், வளையாமல் நிற்கும் திறன் விட்டத்தின் கன மடங்கில் கூடும். மேல் குழாய் 22 மி.மீ. இருப்பதற்கும் 28 மி.மீ. இருப்பதற்கும் பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. உறுதி இரண்டு மடங்குக்கு மேல். உங்கள் 70-300-க்கு மேல் குழாய் 28 மி.மீ. பக்கத்தில் இருக்கட்டும், 25-க்குக் கீழே இறங்காதீர்கள். ஒவ்வொரு செக்ஷனும் முந்தையதைவிட 3, 4 மி.மீ. ஒல்லியாகும் என்பதால் செக்ஷன் எண்ணிக்கை கூடக் கூட அடிக்குழாய் ஈர்க்குச்சியாகிவிடும். ஐந்து செக்ஷன் "டிராவல்" ட்ரைபாட்கள் மடித்தால் பைக்குள் போகும், அழகாக இருக்கும். மலிவு விலையில் மட்டும் அவற்றின் பக்கம் போகாதீர்கள். மூன்று செக்ஷன் நல்லது, நான்கு பரவாயில்லை.

அடுத்தது நடுத்தண்டு, சென்டர் காலம் என்பார்களே, அது. மூன்று காலில் நிற்பதை ஒற்றைக் காலில் நிறுத்தும் வேலையை அது செய்கிறது. ஒரு முனையில் பிடித்த தண்டின் நீளம் இரட்டிப்பானால் அதே விசைக்கு எட்டு மடங்கு வளையும். எனவே அதை ஏற்றாமலேயே போதிய உயரம் வருகிறதா என்று பாருங்கள். இதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு. உங்கள் உயரம் 165 செ.மீ. என்றால் கண் இருப்பது 153 செ.மீ. அளவில். ஹெட் ஒரு 10 செ.மீ., பிளேட்டிலிருந்து வியூஃபைண்டர் வரை இன்னொரு 9 செ.மீ. கழித்தால் 134. கால்கள் மட்டும் அந்த உயரம் வந்தால் போதும், 170 செ.மீ. ட்ரைபாட் தேவையே இல்லை. சற்றுக் குனிவதில் கஷ்டமில்லை என்றால் 125 செ.மீ. கூடப் போதும், நான் எடுப்பதில் பாதிப் படங்கள் இடுப்பு உயரத்துக்குக் கீழேதான்.

அலுமினியமா கார்பன் ஃபைபரா என்ற கேள்விக்குக் குறைந்த பட்ஜெட்டில் இடமில்லை. கார்பன் எடை குறைவு, அதிர்வையும் சீக்கிரம் அடக்கும், குளிரில் கையைச் சில்லிட வைக்காது. எல்லாம் சரிதான். ஆனால் அதே பணத்துக்குக் கிடைக்கும் கார்பன் ட்ரைபாட் பெரும்பாலும் ஒல்லியாக இருக்கும். ஒல்லியான கார்பனைவிடத் தடித்த அலுமினியம் எனக்குப் பிடிக்கும். மரக்கால்கூடப் பழங்கதை அல்ல. நில அளவைக்காரர்களும் தொலைநோக்கி வைத்திருப்பவர்களும் இன்றும் மரத்தைத் தேடிப் போகிறார்கள், அதிர்வை அது நன்றாக விழுங்கும். முதுகில் சுமக்க வேண்டியிராவிட்டால் யோசிக்கலாம்.

கடையிலோ விற்பவர் வீட்டிலோ செய்து பார்க்க ஒரு சோதனை. கால்களை முழுதாக நீட்டி, நடுத்தண்டை இறக்கி, ஹெட் உட்காரும் தட்டை உள்ளங்கையால் பிடித்து இடம் வலமாகத் திருகிப் பாருங்கள். மூடியைத் திறப்பதுபோல. மேலே அழுத்தும்போது எல்லா ட்ரைபாடும் கம்பீரமாகத்தான் நிற்கும். திருகும்போதுதான் சரக்கு தெரியும். பிறகு ஒரு காலைத் தட்டி, மற்றொரு காலில் விரல் வைத்து அதிர்வு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று உணருங்கள். கேமராவைக் கொண்டுபோயிருந்தால் இன்னும் நல்லது, லைவ் வியூ சோதனையைச் செய்துவிடலாம்.

பழைய ட்ரைபாட் வாங்கப் பயப்பட வேண்டாம். இதில் கெட்டுப்போக எலக்ட்ரானிக்ஸ் எதுவும் இல்லை. மான்ஃப்ரோட்டோ 055 வரிசையின் பழைய மூன்று செக்ஷன் அலுமினியக் கால்கள், பெயிண்ட் உதிர்ந்து கிடந்தாலும், புதிய மலிவு செட் பலவற்றைவிட உறுதியானவை. குழாயில் நசுங்கல் இருக்கிறதா, ஒவ்வொரு லாக்கையும் போட்டு உடம்பின் பாரத்தைக் கொஞ்சம் சாய்த்தால் கால் இறங்குகிறதா, மேலே கால்கள் சேரும் வார்ப்பில் கீறல் விரிசல் உண்டா, இதை மட்டும் பார்த்தால் போதும். மேல் மூட்டு தளர்ந்திருந்தால் பேரம் பேசுங்கள். பெரும்பாலும் சாவி போட்டு ஒரு திருகு திருகினால் சரியாகிவிடும். நெம்பிப் பூட்டும் ஃபிளிப் லாக்கா, திருகிப் பூட்டும் ட்விஸ்ட் லாக்கா என்பது உங்கள் கைப்பழக்கம். மணல், சேற்றில் நிறையப் புழங்குபவர் என்றால் எளிதாகக் கழற்றிக் கழுவ முடிகிற வகையாகப் பார்த்து வாங்குங்கள். கடல் நீரில் வைத்துவிட்டால் அன்றே நல்ல தண்ணீரில் அலச வேண்டும்.

சரி, ஹெட். செட்டாக வரும் மலிவு ஹெட்டில்தான் பெரும்பாலும் ஏமாற்றம். பூட்டிவிட்டுக் கையை எடுத்தால் லென்ஸ் மெல்லத் தலை கவிழும். ஓரளவு சரிவு நல்ல ஹெட்டிலும் இருக்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மேலே குறிவைத்துப் பூட்ட வேண்டியிருந்தால் அது தலைவலி. பூவையும் பூச்சியையும் நெருங்கி எடுக்கும்போது அழ வைத்துவிடும். வாங்கும் முன் 300 மி.மீ.-இல் தொலைவில் ஒரு புள்ளியை நடுவில் வைத்துப் பூட்டுங்கள். கையை விட்டதும் புள்ளி எவ்வளவு நகர்ந்தது, ஒரு நிமிடம் கழித்து இன்னும் நகர்ந்துகொண்டிருக்கிறதா என்று பாருங்கள். முதல் நகர்வை மன்னிக்கலாம், இரண்டாவதை மன்னிக்க வேண்டாம்.

பால் ஹெட்டில் பந்து பெரிதாக இருந்தால் பிடிப்பு நன்றாக இருக்கும். உங்கள் தேவைக்கு 36 மி.மீ.-க்குக் குறையாமல் பாருங்கள். பூட்டும் குமிழ் தவிர, இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் தனியாக இருந்தால் வசதி, இல்லையென்றால் குமிழைத் தளர்த்தியதும் கேமரா தொப்பென்று சாய்ந்து விரலை நசுக்கும். எனக்கு நடந்திருக்கிறது. அவசரமில்லாமல் காட்சியைச் சட்டமிட்டு எடுப்பவர் என்றால் ஒவ்வொரு திசைக்கும் ஒன்றாக மூன்று கைப்பிடி வைத்த பேன்-டில்ட் ஹெட்டும் மோசமில்லை. அதே விலையில் பால் ஹெட்டைவிடத் துல்லியமாக நிறுத்தலாம், ஆனால் பையில் எப்படி வைத்தாலும் ஒரு கைப்பிடி குத்தும். வீடியோவுக்கான ஃப்ளூயிட் ஹெட், பறவைப் படம் எடுப்பவர்கள் கனமான நீள லென்ஸுக்கு வைக்கும் கிம்பல் ஹெட் எல்லாம் உங்களுக்கு இப்போது வேண்டாம்.

பிளேட் மட்டும் ஆர்க்கா வகையாக இருக்கட்டும். அகலம் சுமார் 38 மி.மீ., பல நிறுவனங்களும் செய்வதால் நாளை ஹெட்டை மாற்றினாலும் பிளேட் வீணாகாது. நிறுவனத்துக்கு நிறுவனம் அகலம் மயிரிழை மாறும். அதனால் நெம்புகோல் கிளாம்ப்பைவிடத் திருகி இறுக்கும் கிளாம்ப் நம்பகமானது. காலையும் ஹெட்டையும் தனித்தனியாக வாங்குவதில் பயப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலான கால்களில் மேலே இருப்பது 3/8 அங்குல ஸ்குரூ, கேமராவின் அடியில் இருப்பது 1/4 அங்குலம், யாருடையதானாலும் பொருந்தும். பணத்தை எப்படிப் பிரிப்பது என்றால், நான் காலுக்கு மூன்று பங்கு, ஹெட்டுக்கு இரண்டு பங்கு வைப்பேன்.

70-300 லென்ஸ்கள் பலவற்றில் ட்ரைபாட் காலர் (லென்ஸையே ட்ரைபாடில் மாட்ட உதவும் வளையம்) கிடையாது. முழுப் பாரமும் முன்னால் தொங்கும்; கேமராவை நெடுக்காகத் திருப்பினால் ஒற்றை ஸ்குரூவில் பிளேட் நழுவிச் சுற்றும். கேமரா விளிம்பைப் பிடித்துக்கொள்ளும் உதடு வைத்த பிளேட் வாங்குங்கள். கேமராவின் அடியையும் பக்கத்தையும் சேர்த்துப் பிடிக்கும் எல் வடிவ பிராக்கெட் கிடைத்தால் இன்னும் மேல், நெடுக்காகத் திருப்பினாலும் பாரம் நடுவிலேயே நிற்கும்.

காசில்லாமல் உறுதியைக் கூட்டும் வழிகளும் உண்டு. தடித்த செக்ஷனை முதலில் நீட்டுங்கள், ஒல்லியானதைக் கடைசியில், தேவைப்பட்டால் மட்டும். ஒரு காலை லென்ஸ் பார்க்கும் திசையில் வையுங்கள். 2 நொடி டைமர், மிரர்-அப் (கண்ணாடியை முன்கூட்டியே தூக்கிவிடும் வசதி), அல்லது லைவ் வியூவில் எலக்ட்ரானிக் முதல் கர்ட்டன் (ஷட்டர் திரை அசையாமலே படத்தைத் தொடங்கும் வசதி), உங்கள் கேமராவில் எது இருக்கிறதோ அது. ட்ரைபாடில் உள்ள கொக்கியில் பையைத் தொங்கவிடச் சொல்வார்கள். காற்றில் பை ஊசலாடினால் அது கெடுதல்தான் செய்யும், பை தரையை லேசாகத் தொடும்படி விடுங்கள். கை நடுக்கத்தை ஈடுகட்ட லென்ஸில் உள்ள ஸ்டெபிலைசர் பழைய வகை என்றால் ட்ரைபாடில் அணைத்துவிடுங்கள்.

எனது இப்போதைய ட்ரைபாட் இரண்டு கிலோவைத் தாண்டும் பழைய அலுமினியம். இரண்டு காலில் குழாய் உறைப் பஞ்சு சுற்றியிருக்கிறேன், தோளில் வைத்தால் உறுத்தாமல் இருக்க. நடுத்தண்டைக் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டேன். ஹெட் உட்காரும் தட்டை, கால்களோடு நேரடியாகப் பொருத்த முடிந்த மாடல் அது. அந்த மலை முகட்டை அதே 300 மி.மீ. லென்ஸில், அதே 1/8 நொடியில் போய் மறுபடி எடுத்தேன். மரங்களை எண்ண முடிகிறது. லென்ஸை விற்கவில்லை.