ஒரு போரையாவது நிறுத்தினாரா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

எம்.ஏ. அரசியல் அறிவியல் முடித்திருக்கிறேன். நாடுகளுக்கிடையிலான மோதல்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்ய ஆசை. 'காலமெல்லாம் போரைப் பற்றிப் படித்த பேராசிரியர் எவராவது ஒரு போரையாவது நிறுத்தியிருக்கிறாரா?' என்று கேட்கிறார் அப்பா. என்ன சொல்வது?

கே.

அன்புள்ள கே.,

இல்லை என்றே சொல்லிவிடுங்கள். அப்புறம் ராபர்ட் ஜெர்விஸ் என்ற அமெரிக்க அரசியல் அறிவியல் பேராசிரியரின் கதையையும் சொல்லுங்கள்.

1940இல் நியூயார்க்கில் பிறந்தவர். பெர்க்லியில் முனைவர் பட்டம், 1980 முதல் கொலம்பியா பல்கலைக்கழகம், 2021இல் மரணம். வெளியிலிருந்து பார்த்தால் சுவாரஸ்யமே இல்லாத வாழ்க்கை. 1976இல் வந்த அவருடைய தடித்த புத்தகம், ஆட்சியாளர்கள் எதிராளியை எப்படித் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள் என்பதைத் துருவித் துருவிப் பார்க்கிறது. மனதில் ஏற்கெனவே இருக்கும் எண்ணத்துக்குத் தோதாகத்தான் புதுச் செய்தியையும் படிப்பார்கள் என்றார்.

ஈரானில் புரட்சிக்கான சூழல் இல்லை என்று 1978 ஆகஸ்டில் அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. மதிப்பிட்டது. 1979 ஜனவரியில் ஈரான் மன்னர் ஷா நாட்டைவிட்டே போய்விட்டார். எங்கே கோட்டை விட்டோம் என்று பார்க்க, கோப்புகளை ஜெர்விஸிடம்தான் கொடுத்தார்கள். அதில் அவர் கண்டது இது: நிலைமை நிஜமாகவே கைமீறினால் ஷா முழு பலத்தையும் காட்டி அடக்கிவிடுவார் என்று சி.ஐ.ஏ. ஆய்வாளர்கள் நம்பியிருந்தார்கள். ஷா அப்படி அடக்கவில்லை. சரி, அப்படியானால் நிலைமை அவ்வளவு மோசமில்லை என்று அவர்கள் கணக்குப் போட்டார்கள்! இந்தக் கணக்கைப் பொய்யாக்க எந்தச் செய்தியாலும் முடியாது, ஆட்சியே கவிழ்ந்தாலொழிய. அந்த அறிக்கை வெகுகாலம் ரகசியமாகவே கிடந்தது.

2003 இராக் போர் விஷயத்திலும் அவர் எளிதான பதிலைச் சொல்லவில்லை. இராக் அதிபர் சதாமிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்ற கணிப்பு தவறு. ஆனால் ஒழுங்காக ஆராய்ந்திருந்தாலும் 'அநேகமாக இருக்கலாம்' என்றுதான் முடிவு வந்திருக்கும், அடித்துச் சொல்லியிருக்க மாட்டார்கள், அவ்வளவே என்றார். அப்படி முடிவு வந்திருந்தாலும் அமெரிக்க அதிபர் புஷ் போரைக் கைவிட்டிருக்க மாட்டார் என்பதையும் சொன்னார். எனக்கு இது கொஞ்சம் தாராளமான தீர்ப்பாகவே படுகிறது.

அந்தப் போர் தொடங்குவதற்கு முன், 2002 செப்டம்பரில், அது அமெரிக்காவின் நலனுக்கு உகந்ததல்ல என்று 33 அறிஞர்கள் நியூயார்க் டைம்ஸில் கட்டண விளம்பரமே கொடுத்தார்கள். ஜெர்விஸும் அதில் கையெழுத்திட்டிருந்தார். ஆறு மாதத்தில் படைகள் இராக்குக்குள் நுழைந்துவிட்டன. அப்பா கேட்பதில் நியாயம் இருக்கிறது.

ஆய்வில் சேர்வதென்று முடிவெடுத்தால் எந்த நாட்டைப் பற்றி என்பதைச் சீக்கிரம் தீர்மானியுங்கள். அந்த நாட்டு மொழியை இப்போதே படிக்கத் தொடங்குங்கள். ஈரான் அரசியலைக் கவனிக்க சி.ஐ.ஏ.விலேயே விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்தான் அன்று இருந்தார்கள்.