ஒட்டுத்துணி போர்வை: நீங்க கேட்டதும் எனக்குத் தெரிஞ்சதும்

எல்லாருக்கும் வணக்கம்ங்க. ஈரோட்டுல இருந்து எழுதறேன். ப்ளவுஸ், சுடிதார் தைக்கிறதுதான் பொழப்பு, அதுல மிஞ்சற கட் பீஸை வீணாக்க மனசு வராம ஆரம்பிச்சது இந்த க்வில்ட் (மேல ஒட்டுத்துணி, நடுவுல பஞ்சு, கீழ அடித்துணினு மூணு அடுக்கா தைக்கிற போர்வை) வேலை, இப்ப 14 வருஷம் ஆச்சு. கேள்வி எக்கச்சக்கமா வந்திருக்கு, ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் சேத்து ஒண்ணாக்கிட்டேன், கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: அக்கா, நாலரை இஞ்ச் சதுரமா வெட்டி 12 கட்டம் வரிசையா தைச்சேன். தனித்தனியா பாத்தா நல்லாத்தான் இருக்கு, ரெண்டு வரிசையை ஜாயின் பண்ணா மூலை ஒண்ணு கூட சேரல. நாப்பத்தெட்டரை இஞ்ச் வரவேண்டிய வரிசை 47 இஞ்ச் கிட்டதான் நிக்குது. மிஷின்ல கோளாறா?

பதில்: மிஷினை திட்டாதீங்க, பாவம். நீங்க தையலுக்கு பிடிக்கிற அளவுதான் கோளாறு. ப்ளவுஸ் தைக்கிற கை அரை இஞ்ச், முக்கா இஞ்ச்னு தாராளமா பிடிச்சு பழகியிருக்கும், இங்க கால் இஞ்ச்தான், அதுவும் கணக்கா. 12 கட்டம்னா நடுவுல 11 தையல், ஒவ்வொரு தையலும் ரெண்டு துணியிலயும் கொஞ்சம் தின்னும், அப்ப 22 இடம். ஒரு இடத்துக்கு அரை நூல், அதாவது 1/16 இஞ்ச் கூடுதலா போனாலே மொத்தமா 1 3/8 இஞ்ச் காலி. உங்க ஒரு இஞ்ச்சும் சொச்சமும் அங்கதான் போச்சு.

ஒரு சோதனை சொல்றேன், புது வேலை ஆரம்பிக்கும்போதெல்லாம் நானே பண்றது. ஒன்றரை இஞ்ச் அகலத்துல மூணு துண்டு வெட்டி பக்கம் பக்கமா சேத்து தைங்க, அயர்ன் பண்ணுங்க, நடுத்துண்டை அளங்க. கரெக்டா 1 இஞ்ச் இருந்தா உங்க கால் இஞ்ச் சரி. குறைஞ்சா கூட பிடிக்கிறீங்க. அப்புறம் ஊசியில இருந்து கால் இஞ்ச் அளந்து மிஷின் தகடு மேல மாஸ்கிங் டேப்பை நாலஞ்சு மடிப்பு ஒட்டி ஒரு சின்ன சுவர் மாதிரி ஆக்கிடுங்க, துணி அந்த சுவரை உரசிக்கிட்டே போகணும். ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்கிற பாகம்) ஓரத்தை வெச்சு தைக்கிறேன்னு சொல்லாதீங்க, ஒவ்வொரு மிஷின் ஃபுட்டும் ஒரு அகலம்.

அடுத்தது அயர்ன். நம்மாளுங்க அயர்ன் பாக்ஸை புடவைக்கு தேய்க்கிற மாதிரி சர்ரு சர்ருனு இழுக்கறாங்க, சதுரம் அப்பவே கோணிடும். வெச்சு எடுக்கணும், வெச்சு எடுக்கணும். தையல் ஓரத்தை விரிச்சு விடாம முதல் வரிசைல எல்லாத்தையும் வலப்பக்கம் சாய்ச்சு அயர்ன் பண்ணுங்க, ரெண்டாவது வரிசைல இடப்பக்கம். இப்ப ரெண்டு வரிசையையும் முகத்தோட முகம் வெச்சு மூலையை கட்டைவிரலால தடவினீங்கன்னா ரெண்டு மேடும் ஒண்ணை ஒண்ணு முட்டி டக்குனு உக்காரும், விரலுக்கே தெரியும். அந்த இடத்துல குண்டூசி குத்திட்டு தைங்க, மூலை சேரலைன்னா என்னைக் கேளுங்க.

கேள்வி: ரோட்டரி கட்டர் (உருட்டி வெட்டற வட்ட பிளேடு), அதுக்கு அடில விரிக்கிற மேட் எல்லாம் வாங்கியே ஆகணுமா? விலை பாத்தா தலை சுத்துது. கிச்சன் கிரானைட் மேல வெச்சு வெட்டலாமா?

பதில்: ஐயோ வேண்டாம்ங்க, கிரானைட்ல ஒரு ஓட்டு ஓட்டினா பிளேடு அன்னிக்கே மழுங்கிடும். கட்டர் வாங்கினா மேட்டும் வாங்கணும், இல்லைன்னா ரெண்டும் வேண்டாம், நல்ல கத்தரி போதும். நான் முதல் 5 வருஷம் பழைய எக்ஸ்ரே ஃபிலிம்ல அச்சு வெட்டி வெச்சுத்தான் தைச்சேன். அட்டைன்னா நாப்பது தடவை பென்சில் ஓட்டினதும் மூலை தேஞ்சு உருண்டையாயிடும், கடைசி கட்டம் முதல் கட்டத்தை விட சின்னதா வரும். எக்ஸ்ரே தேயாது, உள்ள துணி டிசைனும் தெரியும். வெட்டறதுக்கு முன்னாடி கஞ்சி போட்டு அயர்ன் பண்ணிடுங்க, சாதம் வடிச்ச கஞ்சியே போதும், துணி காகிதம் மாதிரி நிக்கும்.

கேள்வி: முக்கோணம் முக்கோணமா வெட்டி தைச்சா இழுத்துக்குது.

பதில்: முக்கோணமா வெட்டாதீங்க, அதான் பதில். க்ராஸ்ல வெட்டின ஓரம் ரப்பர் மாதிரி இழுக்கும். ரெண்டு கலர்ல ஒரே அளவு சதுரம் எடுத்து முகத்தோட முகம் வெச்சு, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கால் இஞ்ச் தள்ளி தைச்சுட்டு, அப்புறம் கோட்டு மேல வெட்டுங்க, ரெண்டு கட்டம் தைச்ச நிலையிலேயே கைக்கு வரும். சதுரத்தோட அளவு, தைச்சு முடிஞ்சு வரவேண்டிய அளவை விட முக்காலே அரைக்கால் இஞ்ச் கூட இருக்கணும்ங்கறது கணக்கு. நான் சோம்பேறி, முழுசா 1 இஞ்ச் கூட்டி வெட்டி பின்னாடி ஓரம் நறுக்கிக்குவேன்.

கேள்வி: சுங்கடி புடவை ஒண்ணு, செட்டிநாடு காட்டன் ஒண்ணு, ரெண்டையும் வெள்ளையோட சேத்து தைக்க ஆசை. சாயம் போகுமா அக்கா?

பதில்: போகும்னே வெச்சுக்கங்க. எனக்கு ஆன கதையை சொல்றேன். சொந்தக்கார பொண்ணோட குழந்தைக்கு வெள்ளையும் அரக்குமா ஒரு சின்ன க்வில்ட், 3 வாரம் கையால தைச்சது, "சாயம் நிக்கும்மா, கேரண்டி"னு கடைக்காரர் சொன்னதை நம்பி துவைக்காமலே வெட்டிட்டேன். அவங்க வீட்டுல முதல் தடவை துவைச்சதும் வெள்ளை கட்டம் பூரா ரோஸ் கலர். அந்தப் பொண்ணு "இதுவும் அழகாத்தான் இருக்கு சித்தி"ன்னா, எனக்கு அழுகையே வந்துருச்சு.

அதனால வெட்டறதுக்கு முன்னாடி துவைங்க, ஒவ்வொரு கலரும் தனி பக்கெட். அலசற தண்ணி தெளிஞ்சு வர வரைக்கும். கடைசியா ஈரத்துணி மேல ஒரு வெள்ளைத் துணியை வெச்சு அழுத்தி அயர்ன் பண்ணி பாருங்க, கறை ஏறலைன்னா வெட்டுங்க. உப்புத்தண்ணி, வினிகர்ல ஊறவெச்சா சாயம் கெட்டியாகும்னு எங்க அம்மா காலத்துல இருந்து சொல்றாங்க, ஏற்கனவே சாயம் போட்டு வந்த காட்டன் துணிக்கு அது வேலை செய்யறதில்லைங்க. நல்லா அலசினா தளர்ந்த சாயம் போகும், அவ்வளவுதான்.

தைச்ச பிறகு சாயம் ஏறிடுச்சா? காய விடாதீங்க, முக்கியமா அயர்ன் வெக்காதீங்க. பெரிய டப்புல கை பொறுக்கற சூட்டை விட கொஞ்சம் கூட சூடா நிறைய தண்ணி, பாத்திரம் கழுவற லிக்விட் கொஞ்சம், முழுசா முங்கற மாதிரி ராத்திரி பூரா ஊறட்டும், காலைல தண்ணி மாத்துங்க, திரும்ப ஊறவெங்க. தண்ணி நிறைய இருந்தாத்தான் கழண்ட சாயம் திரும்ப துணியில போய் ஒட்டாது. எனக்கு இது அப்ப தெரியல.

கேள்வி: சென்னை வெக்கைக்கு உள்ள என்ன வெக்கலாம்? கடைல ரெக்ரான் (பாலியஸ்டர் பஞ்சு) ஷீட்தான் கிடைக்குது.

பதில்: சென்னைக்கு ரெக்ரான் போட்டா போர்வை ஷோகேஸ்லதான் இருக்கும், யாரும் போத்த மாட்டாங்க. பழைய காட்டன் புடவை ரெண்டு மடிப்பு, இல்லைன்னா நைஞ்ச வேட்டி, இதை விட ஒசத்தி கிடையாது. வங்காளத்துல காந்தானு தைக்கிறாங்களே, அதுவும் பழைய புடவைங்களை அடுக்கி ரன்னிங் ஸ்டிச் போடறதுதான், ஓரத்து பார்டர்ல இருந்து உருவின நூலாலயே தைச்ச காலமும் உண்டு. ஊட்டி, கொடைக்கானல்னா ரெக்ரான் ஓகே, மெல்லிசா கேட்டு வாங்குங்க. மேல் துணி நெருக்கமான நெசவா இருக்கணும், இல்லைன்னா நாள் ஆக ஆக பஞ்சு இழை முள்ளு முள்ளா வெளிய எட்டிப் பாக்கும்.

இலவம்பஞ்சு வெக்கலாமானு ரெண்டு பேர் கேட்டிருந்தீங்க. வேண்டாம். மெத்தைக்கு சரி, போர்வைக்குள்ள போட்டா ஒரு மூலைக்கு ஓடிப்போய் உருண்டுக்கும், துவைக்கவும் முடியாது.

கேள்வி: மூணு அடுக்கையும் சேத்து மிஷின்ல ஓட்டும்போது அடித்துணி சுருங்கி மடிப்பு மடிப்பா விழுது. இது மூணாவது தடவை. விட்டுடலாம்னு இருக்கேன்.

பதில்: விட்டுடாதீங்க கண்ணு. அடித்துணியை தரைல விரிக்கும்போதே பாதி வேலை முடியணும். நல்ல பக்கம் கீழ பாக்க விரிச்சு, நாலு ஓரத்தையும் டேப் போட்டு தரையோட ஒட்டுங்க, சுருக்கம் இல்லாம விறைப்பா, ஆனா இழுத்துப் பிடிக்காம. இழுத்து ஒட்டினா டேப் எடுத்ததும் சுருங்கிக்கும். மேல பஞ்சு, அதுக்கு மேல ஒட்டுத்துணி. அப்புறம் நடுவுல இருந்து வெளிய பாத்து ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சேஃப்டி பின். உங்க கையை எங்க வெச்சாலும் ஒரு பின் தட்டுப்படணும். பின் வேண்டாம்னா பெரிய பெரிய தையலா நூலோட்டிக்கலாம், முட்டி வலிக்கும், ஆனா அதுதான் அசையாது.

தைக்கறதும் நடுவுல இருந்துதான். மூலைல ஆரம்பிச்சா துணி எல்லாம் தள்ளிக்கிட்டே போய் எதிர் மூலைல குவியும். மிஷின்ல ஃபுட் அழுத்தத்தை குறைங்க, பழைய கருப்பு மிஷினா இருந்தா மேல தலைல ஒரு திருகு இருக்கும் பாருங்க, அதை லேசா லூஸ் பண்ணணும். வாக்கிங் ஃபுட் கிடைச்சா வாங்கிக்கங்க, கீழ பல்லு துணியை நகத்தற மாதிரியே மேலயும் நகத்தும். தையல் நீளத்தையும் கூட்டுங்க, இஞ்ச்சுக்கு எட்டு தையல் போதும்.

கேள்வி: எனக்கு மிஷினே இல்ல. கையால முழுசா முடியுமா? எது சுலபம்?

பதில்: கவந்தி! கர்நாடகால எல்லாபூர், ஹளியாள் பக்கம் இருக்கற சித்தி (ஆப்பிரிக்க வம்சாவளி) சமூகத்து பொம்பளைங்க தைக்கிறது, எனக்கு ரொம்ப பிடிச்ச முறை. தனியா மேல் துணி தைக்கிற வேலையே கிடையாது. கீழ ஒரு முழுப் புடவை, ஒரு மூலைல துண்டுத்துணியை ஓரம் மடிச்சு வெச்சு, நேரா கீழ்த்துணி வரைக்கும் ஊசி இறங்க ரன்னிங் ஸ்டிச். அது முடிஞ்சதும் பக்கத்துல அடுத்த துண்டு. ஓரம் பூரா சுத்தி வந்து அப்படியே உள்ள உள்ள போய் நடுவுல முடியும், கோலத்தை வெளிய இருந்து உள்ள போடற மாதிரி. ஒட்டறதும் க்வில்ட் பண்றதும் ஒரே தையல்ல முடிஞ்சிடும். அளவு வேண்டாம், கால் இஞ்ச் வேண்டாம். நாலு மூலைலயும் மடிச்ச முக்கோணத் துணி வெப்பாங்க, பூலானு பேரு, அது இல்லாத கவந்தி முழுசானது இல்லையாம்.

நூல் முழங்கை நீளத்துக்கு மேல எடுக்காதீங்க, சிக்கு எடுக்கவே நேரம் போயிடும்.

கேள்வி: நம்ம பக்கம் இந்த மாதிரி ஒட்டுத்துணி கலை எதுவும் இல்லையா?

பதில்: தேர்த்திருவிழாவுல தேர் ஓரத்துல உருளை உருளையா தொங்குமே தொம்பை, அது என்னவாம்? தஞ்சாவூர் பக்கம் தைக்கிறாங்க, துணி மேல துணியை வெட்டி வெச்சு தைச்ச யாளியும் மயிலும் பூவும். அடுத்த திருவிழால கிட்டப் போய் தையலைப் பாருங்க.

கேள்வி: பையன் சின்ன வயசு டி-ஷர்ட் எல்லாம் வெச்சிருக்கேன். திருப்பூர்க்காரி நான், பனியன் துணியை க்வில்ட்ல சேக்கலாமா?

பதில்: தாராளமா. ஆனா துணி பின்பக்கம் ஃப்யூசிங் (அயர்ன் சூட்டுல ஒட்டிக்கிற துணி) ஒட்டாம வெட்டாதீங்க. பெரிசா வெட்டி, ஃப்யூசிங் ஒட்டி, அப்புறம் சரியான அளவுக்கு வெட்டணும். பிரிண்ட் மேல அயர்ன் நேரா வெச்சா அவன் ஸ்பைடர்மேன் அயர்ன் பாக்ஸோட வந்துருவான். ஊசி பனியனுக்குன்னு முனை உருண்டையா வரும், அது உங்க ஊர்ல தெரியாத கடை உண்டா.

கேள்வி: 60-க்கு 90 சிங்கிள் போர்வைக்கு அடித்துணியும் பார்டர் பட்டியும் எவ்வளவு வாங்கணும்?

பதில்: அடித்துணி ஒவ்வொரு பக்கமும் 4 இஞ்ச் கூட வேணும், 68-க்கு 98. 44 இஞ்ச் பன்னான்னா (துணி அகலம்) ரெண்டு நீளம் ஒட்டணும், 196 இஞ்ச், 5 மீட்டருக்கு ஒட்டி வருது, ஐந்தேகால் வாங்குங்க. டபுள் பெட்ஷீட் ஒண்ணை அடில போட்டா ஒட்டு வேலையே மிச்சம், ஆனா நெசவு இறுக்கமா இருந்தா கைத்தையலுக்கு ஊசி இறங்காது. பட்டிக்கு சுத்தளவு 300, மூலைக்கும் ஒட்டுக்கும் 15, ரெண்டரை இஞ்ச் அகலத்துல 8 பட்டி, அதாவது 20 இஞ்ச் துணி. 60 சென்டிமீட்டர் வாங்கிடுங்க. மூலை வரும்போது கால் இஞ்ச் முன்னாடியே நிறுத்தி, நூல் அறுத்து, பட்டியை மேல் பாத்து மடிச்சு, அதே மடிப்பை கீழ திருப்பி, ஓரத்துல இருந்து தைங்க. மூலை தானா கூரா நிக்கும்.

கேள்வி: அம்மா போன வருஷம் தவறிட்டாங்க. அவங்க பட்டுப்புடவை 6 இருக்கு. வெட்ட கை வரல, ஆனா அண்ணன் தங்கச்சி எங்க 3 பேருக்கும் அவங்க நினைவா ஒண்ணு ஒண்ணு வேணும்.

பதில்: அவசரமே இல்லைங்க. முதல்ல ஒரு ஜாக்கெட் பிட்டை மட்டும் வெட்டிப் பாருங்க, புடவை முழுசா அப்படியே இருக்கும்.

வெட்டறதுக்கு முன்னாடி புடவையை ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சு மடிப்பு விழுந்த இடத்தை பாருங்க. வருஷக்கணக்கா ஒரே மடிப்புல பீரோல இருந்த பட்டு அந்தக் கோட்டுலயே இத்துப்போயிருக்கும், லேசா இழுத்தாலே பிரியும். அந்த இடத்தை ஒதுக்கிடுங்க. மத்ததுக்கு பின்னாடி மெல்லிசு ஃப்யூசிங், அயர்ன் குறைஞ்ச சூடு, நடுவுல காட்டன் துணி. ஜரிகை மேல தையல் கூடுமானவரைக்கும் ஓட்டாதீங்க, ஊசி மழுங்கி நூலை இழுக்கும். 11 நம்பர் புது ஊசி. இதை போத்திக்கிற போர்வையா பண்ணி துவைக்க முடியாது, அதனால ஒன்றரை அடி சதுரத்துல சுவத்துல மாட்டற மாதிரியோ குஷன் கவரோ பண்ணுங்க, 6 புடவைலயும் ஒரு முழம் எடுத்தா மூணு பேருக்கும் வரும். முந்தானையை மட்டும் வெட்டாம தங்கச்சிக்கு வெச்சிடுங்களேன்.

கேள்வி: க்வில்ட்டை எப்படி துவைக்கிறது, காயப்போடறது?

பதில்: பச்சைத்தண்ணி, மைல்டான லிக்விட், கல்லுல அடிக்கக்கூடாது. முறுக்காதீங்க, பெரிய டவல்ல சுருட்டி மிதிச்சா தண்ணி போயிடும். ஒரே கொடில தொங்கவிட்டா ஈர கனத்துல தையல் தெறிக்கும், ரெண்டு கொடி பக்கத்துல பக்கத்துல கட்டி அது மேல பந்தல் மாதிரி விரிச்சுவிடுங்க, நிழல்ல. காக்கா உக்காராம பாத்துக்கங்க.