பஞ்சுருட்டானும் தேன்பெட்டியும் – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

தக்கலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியராக இருக்கிறேன். போன ஓணத்துக்கு ஒரு பழைய கேமராவும் தூரத்து லென்ஸும் வாங்கினேன். சனிக்கிழமை விடிந்தால் பறவைகளைப் படமெடுக்கத் தேரூர் குளத்துக்கரையில்தான் இருப்பேன். இப்போது எங்கள் பக்கம் ரப்பர் தளிர்விட ஆரம்பித்திருக்கிறது. எங்கே பார்த்தாலும் தேன்பெட்டிகளை இறக்கி வைக்கிறார்கள். எனக்கும் ஒன்று வைக்க ஆசை. தாத்தா காலத்தில் எங்கள் விளையில் (தோட்டத்தில்) நிறைய பெட்டிகள் இருந்தன. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நோய் வந்து எல்லாம் போய்விட்டது. அதைப் பார்த்த அம்மா, மறுபடி அந்த வேலையே வேண்டாம் என்கிறார்கள்.

இன்னொன்று. கரண்டுக் கம்பியில் உட்கார்ந்து தேனீ பிடிக்கும் பஞ்சுருட்டான் பறவையை எடுத்த படத்தைப் பக்கத்து விளைக்காரரிடம் ஆசையோடு காட்டினேன். அதன் அலகில் இருந்தது அவர் வீட்டுப் பெட்டியின் ஈதான். "எனக்க ஈயைத் தின்னுது, அதப் படம் புடிச்சு எனக்கே காட்டுதியா?" என்று கோபித்துக்கொண்டார். பெட்டி வைத்தபிறகு நான் யார் பக்கம் நிற்பது? இரண்டும் ஒருவனால் முடியுமா? இந்தச் சீசனிலேயே பெட்டி வாங்கலாமா?

ஜெ., தக்கலை

*

அன்புள்ள தம்பி,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தச் சீசனில் வாங்காதீர்கள். கார்த்திகையில் வாங்குங்கள்.

தேனீ விஷயத்தில் ஆசை வருகிற நேரமும் வாங்க வேண்டிய நேரமும் ஒன்றாக வருவதில்லை. மாசியில் எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் வாசலில் ஈ மொய்க்கும். பார்க்கிற யாருக்கும் கை துறுதுறுக்கும். ஆனால் சித்திரைக்குள் ரப்பர் இலை முற்றி, தேன்வரத்து நின்றுவிடும். அப்புறம் இடவப்பாதி மழை, அதுதான் தென்மேற்குப் பருவமழை. ஆனி, ஆடி, ஆவணியில் நம் மேற்குப் பக்கம் ஈ வெளியே போய்ச் சற்று நேரம் நிம்மதியாகப் பறக்க முடியாத நாட்கள் நிறைய. பறந்தாலும் பூ இல்லை. அந்த மாதங்களில் சீனியையும் தண்ணீரையும் சரிபாதியாகக் கலந்து, சிரட்டையில் ஊற்றி, ஈ முங்கிச் சாகாமல் இருக்க நாலு குச்சியை மிதக்கவிட்டுப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். ஈ குறையக் குறைய காலி அடைகளை (ஈ கட்டும் மெழுகுத் தட்டுகளை) எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் மெழுகுப்பூச்சி முட்டையிட்டு, அடை முழுக்க வலை பின்னிவிடும். பெட்டி நிற்கிற கால்களைச் சுற்றித் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், எறும்புக்காக. மாசியில் ஆசைப்பட்டு வாங்குகிறவர்களில் பலர் ஆடியில் பெட்டியைத் திறந்து பார்ப்பதில்லை. நாம் பெட்டியில் வளர்க்கும் அடுக்குத் தேனீ, அதாவது இந்தியத் தேனீ, பசியைப் பொறுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஜாதி இல்லை. ஒருநாள் கூட்டமாக எழுந்து போய்விடும். திறந்து பார்த்தால் வெறும் அடைதான் இருக்கும்.

ஐப்பசி மழை ஓய்ந்ததும் கூடுகள் பெருக ஆரம்பிக்கும். கார்த்திகை, மார்கழியில் நம் ஊர்க்காரர்கள் கூடு பிரிப்பார்கள், ஒரு கூட்டை இரண்டாக்குவார்கள். அப்போது வாங்கினால் இளம் ராணியோடு கிடைக்கும். முட்டை, புழு, கூட்டுப்புழு என்று ஒவ்வொன்றையும் நீங்களே பார்த்துப் பழகிக்கொள்ளலாம். தை கடைசியில் தளிர் வரும்போது உங்கள் கூடும் தயாராக இருக்கும், உங்கள் கையும் பழகியிருக்கும். மழைக்காலத்தில் கேமராவைச் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் போட்டு மூடிவைக்கலாம். பெட்டியை அப்படி மூடிவைக்க முடியாது. இரண்டும் ஒருவனால் முடியுமா என்று கேட்டீர்களே, முடியும். ஆனால் இரண்டையும் ஒரே மாதிரி பொழுதுபோக்கு என்று நினைத்து இறங்காதீர்கள்.

சரி, இந்த மாசியில் என்ன செய்வது? கேமராவை எடுத்துக்கொண்டு ரப்பர் விளைக்குப் போங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் வருஷத்திலேயே மிக அழகான காட்சி அங்கேதான் நடக்கிறது. ஆனால் படமெடுப்பவர்கள் எல்லாரும் முக்கடலுக்கும் திற்பரப்பு அருவிக்கும் போய்விடுகிறார்கள் என்பதில் எனக்கு ரொம்ப வருத்தம் உண்டு.

ரப்பர் தேன் பூவிலிருந்து வருவதில்லை. நம் ஊரிலேயே பலருக்கு இது தெரியாது. மார்கழி, தையில் மரம் மொத்தமாக இலையை உதிர்த்துவிட்டுக் குச்சி குச்சியாக நிற்கும். பிறகு செம்புநிறத்தில் தளிர் தொங்கும். சில நாளில் அது வெளிர்ப்பச்சையாக மாறும்போதுதான் விஷயம் தொடங்குகிறது. ரப்பர் இலை ஒரு காம்பில் மூன்று சிற்றிலையாக இருக்கும். மூன்றும் காம்போடு சேருகிற முட்டில் சின்னச் சின்னச் சுரப்பிகள் இருக்கின்றன. இளம் இலையில் அந்த இடத்தில் தேன் துளியாக ஊறி நிற்கும். விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள், இனிக்கும். ஈ அந்த முட்டில் வந்து உட்கார்ந்து, தலையைக் குனிந்து, நாக்கை நீட்டி உறிஞ்சும். நன்றாக ஊறியிருந்தால் அவசரமே இல்லாமல் குடிக்கும், வயிற்றுக் கண்ணிகள் நீண்டு நீண்டு சுருங்குவதை லென்ஸ் வழியாகத் தெளிவாகப் பார்க்கலாம். இலை கரும்பச்சையாகித் தடித்துவிட்டால் சுரப்பு நின்றுவிடும். ஒரு மரத்துக்குக் கிடைப்பது சில வாரங்கள்தான். இடையில் ஒரு மழை பெய்தால் தேன் கழுவிக்கொண்டு போகும். பனியும் சாரலுமாக இருந்தால் தளிரில் சாம்பல் நோய் விழுந்து இலையே கொட்டிவிடும். மாசி மழை பெய்யும் இரவில் தேனீக்காரர் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கமாட்டார்கள்.

மரம் உயரம், தளிர் கண்ணுக்கு எட்டாதே என்று நினைப்பீர்கள். நம் ரப்பர் விளைகள் பெரும்பாலும் சரிவில் தட்டுத் தட்டாக வெட்டியவை. மேல் தட்டில் நின்றுகொண்டால் கீழே நிற்கிற மரத்தின் கொப்பு கண்ணெதிரே வரும். உங்கள் தூரத்து லென்ஸே போதும், நெருங்க வேண்டியதில்லை. வெயில் ஏறுவதற்கு முன்னால் போங்கள். தாழ்ந்த வெளிச்சம் இலைக்குப் பின்னாலிருந்து வரும்படி நின்றால் இலை நரம்பும் தேன்துளியும் ஒன்றாகத் துலங்கும். விளைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு நுழையுங்கள். பால் வெட்டுகிறவர்கள் அந்நேரம் வேலையில் இருந்தால் அவர்கள் வழியில் நிற்காதீர்கள்.

பெட்டியின் வாசலைப் படமெடுக்கிறதாக இருந்தால் நேர் எதிரே நிற்கவே கூடாது. ஈயின் போக்குவரத்து வழி அது. பக்கவாட்டில் நில்லுங்கள். கறுப்புச் சட்டை, சென்ட், ஃபிளாஷ் மூன்றும் வேண்டாம். ஷட்டர் நொடியில் 2000-ல் ஒரு பங்காவது இருந்தால்தான் திரும்பி வருகிற ஈயின் கால் தெரியும். கால் ஏன் தெரிய வேண்டும் என்றால், பின்னங்காலில் மகரந்த உருண்டை இருக்கிறதா என்பதுதான் கூட்டின் ஜாதகம். தேன் எவ்வளவு வந்தாலும் மகரந்தம் இல்லாமல் புழு வளராது. ரப்பர் மட்டுமே நிற்கிற இடத்தில் மகரந்தத்துக்குத் தட்டுப்பாடு வரும். பக்கத்தில் தென்னை இருந்தால் பாளை கைகொடுக்கும். உங்கள் தாத்தாவின் விளையில் இன்னும் தென்னை நிற்கிறதா? இல்லையென்றால் பெட்டி வாங்குவதற்கு முன்பே இரண்டு கன்று நடுங்கள். காலையில் அரைமணி நேரம் வாசலைப் படமெடுத்துவிட்டு, மாலையில் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி, எத்தனை ஈ மகரந்தத்தோடு வந்திருக்கிறது என்று பாருங்கள். பெட்டியைத் திறக்காமலே உள்ளே ராணி நன்றாக முட்டையிடுகிறதா என்று ஓரளவு சொல்லிவிடலாம். இந்தப் பார்வை பெட்டி வாங்குவதற்கு முன்பே வந்துவிட்டால் அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. கணக்கு வாத்தியாருக்கு இது சீக்கிரம் கைகூடும்.

இனி அம்மா. அவர்கள் பயத்தைத் தள்ளிவிடாதீர்கள். நம் ஊருக்குத் தேன்பெட்டி வந்த கதை ரொம்பப் பழையதில்லை. நியூட்டன் என்ற பாதிரியார் இந்தியத் தேனீயின் உடலளவுக்கு ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்தது 1910களில். 1920களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் ஏழை விவசாயிகளுக்குத் தேனீ வளர்ப்பைச் சொல்லிக்கொடுத்தது. இரண்டு மூன்று தலைமுறையில் வீட்டுக்கு வீடு பெட்டி என்றானது. பிள்ளைகளின் பள்ளிச் செலவு, கல்யாணச் செலவு எல்லாம் மாசித் தேனை நம்பி நடந்த வீடுகள் உண்டு. அப்படி இருக்கும்போதுதான் 1991, 92இல் தாய்லாந்து சாக்புரூட் என்ற, புழுவைத் தாக்கும் வைரஸ் வந்தது. புழு அறைக்குள்ளேயே செத்து, தலை மேலே தூக்கி நிற்கும். குச்சியால் எடுத்தால் தண்ணீர் நிறைந்த பையாக வரும். மருந்து கிடையாது. தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக் கூடுகளில் பெரும்பகுதி அழிந்துபோனது. அம்மா பார்த்தது அதை. ஒரு குடும்பத்தின் வருமானம் சில மாதத்தில் வெறும் மரப்பெட்டியாக மிஞ்சியதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் இருக்கத்தான் செய்யும்.

தப்பிப் பிழைத்த கூடுகளிலிருந்துதான் மறுபடி இத்தனை பெட்டிகள் பெருகியிருக்கின்றன. நோய் இன்றும் அங்கங்கே தலைகாட்டும். அதனால்தான் சொல்கிறேன், மலிவாகக் கிடைக்கிறது என்று ஊர் பேர் தெரியாத கூட்டை வாங்காதீர்கள். நன்றாகத் தாங்கி நிற்கிற கூட்டிலிருந்து பிரித்ததை, கண்ணால் பார்த்து வாங்குங்கள். புழு அடையைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். புழு முத்துவெள்ளையாக, அறையின் அடியில் வளைந்து கிடக்க வேண்டும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவர்களுக்கு நோய்ப் புழுவின் அடையாளம் உங்களைவிட நன்றாகத் தெரியும். வீட்டில் யாருக்காவது ஈ கொட்டினால் மூச்சு முட்டுவது, உடம்பெல்லாம் தடிப்பது என்று இருந்தால் மட்டும் பெட்டி வைக்கவே வேண்டாம். அதில் சமரசம் கிடையாது.

பஞ்சுருட்டானுக்கு வருகிறேன். உங்கள் பக்கத்து விளைக்காரரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது, பறவையின் மீதும் குற்றமில்லை. அது ஈயைப் பறக்கும்போதே பிடித்து, கம்பிக்குக் கொண்டுவந்து, திரும்பத் திரும்ப அடித்துத் தேய்த்து, கொடுக்கின் விஷத்தைப் போக்கிவிட்டுத்தான் விழுங்கும். உங்கள் படத்தில் அந்த அடி விழுகிற கணம் இருந்தால் அது நல்ல படம், வெட்கப்பட ஒன்றுமில்லை. வலுவான கூட்டில் ராணி நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கில் முட்டையிடும். சில ஈக்கள் போனால் கூடு தாங்கிக்கொள்ளும். பச்சைப் பஞ்சுருட்டான் வருஷம் முழுக்க இங்கே இருக்கும், நீலவால் பஞ்சுருட்டான் குளிர்காலத்துக்கு வந்து கோடையில் போய்விடும். இரண்டும் குளவியையும் தட்டானையும்கூடத் தின்பவை.

பெரிய ஆபத்து ஒரே ஒரு சமயத்தில்தான். புது ராணி பிறந்த கூட்டில், அது சில நாள் கழித்துப் பிற்பகலில் இணைசேர வெளியே பறக்கும். அந்தப் பறப்பில் அதைப் பஞ்சுருட்டான் பிடித்துவிட்டால் கூட்டுக்கே முடிவு. திரும்ப ஒரு ராணி வளர்க்க உள்ளே இளம் புழுவும் இருக்காது. உங்கள் அண்டை வீட்டார் மனதில் இருப்பது அநேகமாக அதுதான். அவரிடம் போய், புது ராணி இருக்கிற பெட்டி எது என்று கேளுங்கள். அந்தச் சில நாள் பிற்பகலில் அங்கே போய் நின்று கைதட்டிப் பறவையை விரட்டுங்கள். மற்ற நாளில் அது பாட்டுக்கு இருக்கட்டும். கவணும் கல்லும் மட்டும் கூடாது, 1972ஆம் வருஷ வனவுயிர்ச் சட்டம் அதைக் காக்கிறது. நீங்களும் ஒன்று செய்ய வேண்டும். இந்த மாதங்களில் பஞ்சுருட்டான் மணற்கரையில் வளை தோண்டிக் கூடு வைக்கும். அந்த வளைக்கு முன்னால் கேமராவோடு காத்திருக்காதீர்கள். ஆள் நிற்கிறவரை தாய்ப்பறவை குஞ்சுக்கு இரை கொண்டுபோகாது.

தேரூரைப் பற்றி ஒரு வரி. சுசீந்திரம் – தேரூர் நீர்நிலை 2022இல், உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது, வேம்பனூர் நீர்நிலையும் அதே வருஷம்தான். நீலச்சிறகியும் ஊசிவால் வாத்தும் பங்குனி, சித்திரைக்குள் வடக்கே கிளம்பிவிடும். ரப்பர் தளிரும் அதற்குள் முற்றிவிடும். ஆகவே ஒரு சனிக்கிழமை குளம், ஒரு சனிக்கிழமை விளை என்று மாற்றி மாற்றிப் போங்கள்.

அப்புறம், அந்தப் பக்கத்து விளைக்காரரை விட்டுவிடாதீர்கள். தேன் எடுக்கிற நாளில் அடை கட்டிய மரச்சட்டம் தூக்கவும் தேனைப் பிரிக்கும் எக்ஸ்ட்ராக்டர் சுற்றவும் அவருக்கு ஆள் தேவைப்படும். பள்ளி விடுமுறை நாளாகப் பார்த்துப் போய் நில்லுங்கள். மெழுகு மூடாத அடையை அவர் ஏன் திருப்பி வைக்கிறார், புழு அறையில் இருக்கிற தேனை ஏன் தொடுவதில்லை என்றெல்லாம் கேளுங்கள். கார்த்திகையில் அவர் கூடு பிரிக்கும்போது ஒன்றை உங்களுக்கு ஒதுக்கச் சொல்லி இப்போதே கேட்டுவையுங்கள். முன்பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா