புதுக்குடியிருப்புப் பக்கம் கைவிடப்பட்ட உதைபந்தாட்ட மைதானம்: உள்ளே போகலாமா?

மைதானத்துக்குள் இறங்கிப் படம் எடுக்கலாமா, ஊர்ப் பிள்ளைகளுடன் அதைத் துப்புரவாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு இறங்காதீர்கள்; போர்க்காலக் கண்ணிவெடிகள் இன்னும் அங்கே இருக்கலாம். மாடுகள் மேய்கின்றன, கோல் கம்பங்கள் வீதியிலிருந்தே தெரிகின்றன என்று எழுதியிருக்கிறீர்கள். அது நிலம் பாதுகாப்பானது என்பதற்குச் சான்றாகாது. மாடு ஒரே தடத்தில் போய் வரும். நீங்கள் படம் எடுக்கப் பற்றைக்குள் விலகுவீர்கள்.

வடக்கு ஓரத்து நீள மண்மேட்டைப் பார்வையாளர் திட்டு என்கிறீர்கள். அதில் பனங்குற்றிகள் செருகியிருந்தால் அது பெரும்பாலும் பழைய காவலரண். 2009 வரை போர் நடந்த வன்னியில் இத்தகைய மண் அணைகளின் முன்னால் பல இடங்களில் மிதிவெடிகளை வரிசையாகப் புதைத்தார்கள்.

1. வீதியில் நின்றபடியே கண்ணிவெடியை எச்சரிக்கும் சிவப்பு மண்டையோட்டுப் பலகை, சிவப்புக் கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றாலும் நம்ப வேண்டாம். வெயிலில் நிறம் போயிருக்கும், கட்டை விறகாகியிருக்கும்.

2. காணி கண்ணிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்று கிராம அலுவலரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் கிளிநொச்சியிலுள்ள பிராந்தியக் கண்ணிவெடி நடவடிக்கை அலுவலகத்தில் விசாரியுங்கள்.

விடுவித்த காணியிலும் குறிப்பிட்ட ஆழம் வரைதான் சோதித்திருப்பார்கள். மாரி மழை மண்ணை அரித்ததும் வெடிக்காத செல் (எறிகணை) மேலே தெரியலாம். ஆகவே பற்றைக்கு நெருப்பு வைக்காதீர்கள், கம்பம் நடக் குழி தோண்டாதீர்கள். ஊர்ப் பிள்ளைகள் அங்கே மறுபடி விளையாட வேண்டும் என்றுதான் நானும் விரும்புகிறேன். அவர்களைத் துப்புரவு வேலைக்கு மட்டும் கூட்டிப் போகாதீர்கள். ஏதாவது கண்ணில் பட்டால் தொடாமல், வந்த காலடித் தடத்திலேயே திரும்பி பொலிஸ் அவசர எண் 119இற்கு அறிவியுங்கள்.